அப்பா அம்மா பாத்ரூமுக்கு ஒரு 5,000 ரூபாய்: எந்த எஃப்.டி.யும் தராத லாபம்

ரிட்டயர்மென்ட் பத்தி நம்ம சேனல்ல பேசும்போதெல்லாம் சீனியர் சிட்டிசன் சேவிங்ஸ் ஸ்கீம், போஸ்ட் ஆபீஸ் மாத வருமானத் திட்டம், எஃப்.டி. வட்டி, இப்படித்தான் பேச்சு போகும். இன்னைக்கு கொஞ்சம் வேற மாதிரி. உங்க அப்பா அம்மா 30 வருஷம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பணத்தை ஒரே ராத்திரியில காலி பண்ணக்கூடிய விஷயம் ஒண்ணு இருக்கு. ஷேர் மார்க்கெட் இல்லைங்க. ஈரமா இருக்கிற பாத்ரூம் டைல்ஸ்.

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் நிறைய வீடுகள்ல இப்போ நிலைமை ஒண்ணுதான். பையனோ பொண்ணோ பெங்களூர்லயோ சென்னையிலயோ வேலைல இருக்காங்க. ஊர்ல பெரியவங்க ரெண்டு பேர் மட்டும். வீடு புதுசு, வழுவழுன்னு டைல்ஸ், பாத்ரூமுக்கு ஒரு படி இறங்கணும், உள்ள பிடிக்க ஒண்ணும் கிடையாது. ராத்திரி 2 மணிக்கு அம்மா எந்திரிச்சுப் போறாங்க. லைட் போட்டா அப்பா தூக்கம் கெடும்னு இருட்டுலயே போவாங்க. இதுதாங்க ரிஸ்க்.

உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குப்படி, கீழே விழுந்து இறக்கிறவங்க உலகம் முழுக்க வருஷத்துக்கு சுமார் 6,84,000 பேர். எதிர்பாராத காயங்களால் வரும் மரணங்கள்ல சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதுக்குத்தான். அதிகமா பாதிக்கப்படுறது 60 வயசுக்கு மேல இருக்கிறவங்க. லாரிக்குப் பேர் போன ஊர்ல இருந்துக்கிட்டு ரோட்டைப் பத்திப் பயப்படுற நாம, வீட்டுக்குள்ள இருக்கிற 5 அடி தூரத்தைப் பத்தி யோசிக்கறதில்ல.

இன்சூரன்ஸ் இருக்கே, அப்புறம் என்ன?

இந்தக் கேள்விதான் கமெண்ட்ல முதல்ல வரும், அதனால இதை முதல்லயே பார்த்துடலாம். இடுப்பு எலும்பு உடைஞ்சா பெரும்பாலும் ஆபரேஷன்தான். தனியார் மருத்துவமனைன்னா, இம்பிளான்ட் எது, எந்த ஊர், எத்தனை நாள் ரூம் என்பதைப் பொறுத்து லட்சங்கள்ல போகும். ஹெல்த் இன்சூரன்ஸ் இருந்தா அதுல பெரும்பகுதி வந்துடும். சரி.

இப்போ உங்க பாலிசி டாக்குமென்ட்டை எடுத்து கடைசிப் பக்கங்களைப் பாருங்க. "லிஸ்ட் 1" அப்படின்னு, காப்பீட்டில் வராத பொருட்களோட பட்டியல் ஒண்ணு இருக்கும். ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பட்டியல்தான் அது, மொத்தம் 68 பொருட்கள். அதுல என்னென்ன இருக்குன்னு பாருங்க: நடக்க உதவும் கருவிகள், முட்டிக்குப் போடுற பிரேஸ், இடுப்பு பெல்ட், கழுத்துப் பட்டை, சர்க்கரை நோயாளிகளுக்கான செருப்பு, படுக்கைப் புண் வராம இருக்கப் போடுற காற்று மெத்தை, தனி நர்ஸ், கூட இருந்து பார்த்துக்கிற ஆளுக்கான செலவு. தனியா ரைடர் வாங்கியிருந்தா மட்டும்தான் இதுல சிலது கிடைக்கும்.

அதாவது ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் காப்பீடு கூட வரும். வீட்டுக்கு வந்த பிறகு தேவைப்படுறதெல்லாம் உங்க கைக்காசு.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பார்த்துக்க ஒரு ஆள், நாளைக்கு 800 ரூபாய்னு வெச்சுக்குவோம். 3 மாசம்னா 72,000. பிசியோதெரபிக்கு வீட்டுக்கு வர்றவங்க, போக வர கார், வாக்கர், கமோட் சேர், இதெல்லாம் தனி. நீங்க பெங்களூர்ல இருந்து எடுக்கிற சம்பளமில்லா லீவு அதை விடத் தனி. இதுக்கு எந்த கிளெய்ம் ஃபார்மும் கிடையாது. பணத்தை விடுங்க, அது வரைக்கும் தானே சந்தைக்குப் போய் காய் வாங்கிட்டு வந்த அம்மா, அதுக்கப்புறம் வாசலைத் தாண்டவே பயப்பட ஆரம்பிச்சுடுவாங்க. அந்த நஷ்டத்துக்கு ரூபாய் மதிப்பு எப்படிப் போடுறது?

5,000 ரூபாயை எங்க போடணும்

முதல் செலவு பிடிமானக் கம்பி. டாய்லெட் பக்கத்துச் சுவர்ல ஒண்ணு, குளிக்கிற இடத்துல ஒண்ணு. ஆன்லைன்ல ரப்பர் உறிஞ்சி வெச்சு ஒட்டுற கம்பி விக்கிறாங்க, அதை வாங்காதீங்க. ஆள் முழு எடையையும் போட்டு இழுத்தா டைல்ஸ்ல இருந்து கழண்டு வரும். துண்டு போடுற ராடும் அதே கதைதான், அது துண்டு தாங்குறதுக்குத்தான். ஒண்ணேகால் இன்ச்ல இருந்து ஒன்றரை இன்ச் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப், சுவத்துல டிரில் போட்டு ஆங்கர் போல்ட்ல முடுக்கினதா இருக்கணும். லாரி பாடி கட்டுற ஊருங்க இது. ஒரு முழம் பைப்பை வளைச்சு வெல்டிங் வெச்சுத் தர ஆளுக்கா நாமக்கல்ல பஞ்சம்? மாட்டினதும் நீங்களே தொங்கிப் பாருங்க. உங்க எடையைத் தாங்கினா அம்மா எடையைத் தாங்கும். ரெண்டு கம்பி, கூலியோட சேர்த்து 2,000 ரூபாய்ல இருந்து 2,500க்குள்ள முடிக்கலாம்.

அடுத்தது, அடியில நல்லாப் பிடிக்கிற ரப்பர் மேட், உட்கார்ந்து குளிக்க வழுக்காத ஸ்டூல், படுக்கையில இருந்து பாத்ரூம் வரைக்கும் ஆள் அசைஞ்சா தானா எரியுற ரெண்டு எல்.இ.டி. நைட் லேம்ப், பின்னாடி வார் வெச்ச செருப்பு. இதெல்லாம் சேர்ந்து இன்னொரு 2,000 சொச்சம். பாத்ரூம் தாழ்ப்பாளை வெளியில இருந்தும் திறக்கிற மாதிரி மாத்துங்க. பெரியவங்க உள்ள விழுந்து, கதவை உடைக்க ஆள் தேடுற கொடுமை வேண்டாம்.

மிச்சம் இருக்கிறதுல ஒரு கைத்தடி. "நான் என்ன கிழவனா?"ன்னு அப்பா கேப்பார், பரவாயில்ல. ஆனா வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்கோங்க. நேரா நிமிர்ந்து நின்னு கையைத் தொங்க விட்டா, தடியோட கைப்பிடி மணிக்கட்டு மடிப்பு உயரத்துக்கு வரணும். அதை விட நீளமான தடி தோளைத் தூக்க வைக்கும், குட்டையான தடி கூன் போட வைக்கும். இன்னொண்ணு, பலபேர் மாத்திச் செய்றது: வலது முட்டி வலிச்சா தடி இடது கையில இருக்கணும். வலிக்கிற காலும் தடியும் ஒண்ணா முன்னாடி போகணும். அடியில இருக்கிற ரப்பர் புஷ் தேய்ஞ்சா உடனே மாத்துங்க. அது சின்னக் காசுதான், ஆனா அது இல்லாத தடி டைல்ஸ்ல சறுக்குக்கட்டை.

டிவியில வர்ற கால் மசாஜ் மெஷின், காந்தப் படுக்கை, மூட்டு வலி எண்ணெய் இதுக்கெல்லாம் 15,000, 20,000 கொடுக்கிற வீடுகள்ல கூட 1,000 ரூபாய் கம்பி இருக்காது. எனக்கு இது புரியவே மாட்டேங்குது. அன்பைக் காட்ட பெரிய டப்பா வேணும்னு நினைக்கிறோமோ என்னவோ.

தசை ஒரு சேமிப்புக் கணக்கு

வீட்டை மட்டும் மாத்தினா பாதி வேலைதான். விழப் போறப்ப காலை ஊனி நிக்கிற பலம் உடம்புல இருக்கணும். அது இருக்கான்னு வீட்டிலேயே பார்க்க ஒரு டெஸ்ட் இருக்கு. அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் பரிந்துரைக்கிறது. கை இல்லாத நாற்காலி ஒண்ணைச் சுவரோட ஒட்டிப் போடுங்க. ரெண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கிட்டு, 30 விநாடியில எத்தனை தடவை முழுசா எந்திரிச்சு உட்கார முடியுதுன்னு எண்ணுங்க. பக்கத்துல ஒருத்தர் கட்டாயம் நிக்கணும். 65ல இருந்து 69 வயசுன்னா ஆண் 12, பெண் 11. 70ல இருந்து 74ன்னா ஆண் 12, பெண் 10. இதுக்குக் கீழே போனா விழும் ஆபத்து அதிகம்னு அர்த்தம். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது செஞ்சு பாருங்க. 45 வயசு மகனே திணறினா சிரிக்காதீங்க.

"அப்பா தினமும் வாக்கிங் போறாரே" அப்படிம்பீங்க. நல்ல விஷயம்தான், நிறுத்தச் சொல்லாதீங்க. ஆனா வாக்கிங் மட்டும் போதாது. 65 தாண்டினவங்க வாரத்துக்கு 150 நிமிஷ நடையோட, வாரத்துல 3 நாளாவது கால் பலத்துக்கும் பேலன்ஸுக்கும் தனியா பயிற்சி செய்யணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்துல இதுக்குன்னே வீட்டிலேயே செய்ற பயிற்சி முறை ஒண்ணு உருவாக்கினாங்க. ஆயிரத்துக்கும் மேற்பட்ட முதியவங்க கலந்துக்கிட்ட 4 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தப்ப, விழுறது 35 சதவீதம் குறைஞ்சிருந்தது. ராக்கெட் சயின்ஸ் ஒண்ணும் இல்ல: சமையல் மேடையைப் பிடிச்சுக்கிட்டு குதிகாலைத் தூக்கி நிக்கிறது, ஒரு காலை பக்கவாட்டுல தூக்குறது, ஒரு பாதத்துக்கு முன்னாடி இன்னொரு பாதம் வெச்சு நிக்கிறது, நாற்காலியில உட்கார்ந்து எந்திரிக்கிறது. சாதம் வேகுற நேரத்துல செஞ்சு முடிச்சுடலாம். முட்டி, இதயப் பிரச்னை இருந்தா டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க.

சாப்பாட்டுக்கு வருவோம். நம்ம மாவட்டம் நாட்டுக்கே முட்டை அனுப்புது. இதே பகுதிலதான் மரவள்ளிக்கிழங்குல இருந்து ஜவ்வரிசியும் தயாராகுது. இந்த ரெண்டுல நம்ம அப்பத்தாவுக்கும் அமுச்சிக்கும் உடம்பு சரியில்லைன்னா நாம கொடுக்கிறது எது? ஜவ்வரிசிக் கஞ்சி. அது கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து, புரதம் பேருக்குத்தான். தெம்பு வந்த மாதிரி இருக்கும், தசைக்கு ஒண்ணும் போய்ச் சேராது. ஒரு முட்டையில சுமார் 6 கிராம் புரதம் இருக்கு. நம்ம நாட்டு அளவுகோல்படி 60 கிலோ எடை உள்ளவருக்கு நாளைக்கு சுமார் 50 கிராம் புரதம் வேணும். முதியவங்களுக்கு கிலோவுக்கு 1 கிராமுக்குக் குறையாம இருக்கணும்னு நிபுணர்கள் பலர் சொல்றாங்க. ரெண்டு இட்லி, ரசம் சாதம், மோர் சாதம்னு ஓடுற நாள்ல இது பாதி கூட வராது. ஒரு முட்டை, ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பு, சுண்டல், தயிர், இப்படி ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒண்ணு தட்டுல இருக்கட்டும். சைவமா இருந்தா பருப்பும் பாலும் கூட்டுங்க. கிட்னி பிரச்னை உள்ளவங்க மட்டும் டாக்டர் சொல்ற அளவோட நிறுத்திக்கணும்.

மாத்திரை டப்பாவையும் ஒரு தடவை திறந்து பாருங்க. பிபி மாத்திரை, தூக்க மாத்திரை, சளி மாத்திரைன்னு 3 டாக்டர் எழுதினது ஒண்ணாச் சேர்ந்து தலை சுத்தலைக் கொண்டு வரலாம். எல்லாத்தையும் ஒரே பையில போட்டு ஒரே டாக்டர்கிட்ட காட்டுங்க, நீங்களா எதையும் நிறுத்தாதீங்க. ராத்திரி எந்திரிக்கும்போது படுக்கை ஓரத்துல ஒரு நிமிஷம் உட்கார்ந்துட்டு அப்புறம் நிக்கச் சொல்லுங்க. கண்புரை, பழைய பவர் கண்ணாடி இதையும் தள்ளிப் போடாதீங்க.

இலவசமா கிடைக்கிறது எது

மத்திய அரசோட ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா 2017 ஏப்ரல்ல தொடங்கினது. 60 வயசு நிரம்பி, வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கிறவங்களுக்கு, அல்லது மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மிகாதவங்களுக்கு, கைத்தடி, வாக்கர், காது கேட்கும் கருவி, மூக்குக் கண்ணாடி, பல் செட், சக்கர நாற்காலி இலவசம். முகாம் போட்டுத் தர்றாங்க, அதனால முகாம் எப்போன்னு திங்கட்கிழமை குறைதீர் நாள்ல கலெக்டர் ஆபீஸ்ல கேளுங்க. இன்சூரன்ஸ் தராத பொருளைத்தான் இந்தத் திட்டம் தருதுன்னு கவனிச்சீங்களா?

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில தொடங்கப்பட்டது. பிபி, சுகர் மாத்திரை மட்டும் வீட்டுக்கு வருதுன்னு நிறைய பேர் நினைச்சுட்டு இருக்காங்க. தேவைப்படுறவங்களுக்கு பிசியோதெரபியும் அதுல உண்டு. உங்க ஏரியா சுகாதாரத் தன்னார்வலர்கிட்ட பேர் கொடுங்க.

ஆபரேஷன் செலவுக்கு, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கு. 70 வயசு தாண்டினவங்களுக்கு வருமான வரம்பே இல்லாம வருஷத்துக்கு 5 லட்சம் வரை தரும் ஆயுஷ்மான் வய வந்தனா கார்டை மத்திய அரசு 2024 அக்டோபர் 29ல அறிமுகப்படுத்தியது. எந்தக் கார்டா இருந்தாலும் பக்கத்துல எந்த மருத்துவமனை எடுத்துக்கும்னு நல்லா இருக்கும்போதே கேட்டு, அந்தப் பேரைக் கார்டு பின்னாடி எழுதி ஒட்டிடுங்க. தனியார் பாலிசி வாங்கப் போறவங்களுக்கு, 2025 செப்டம்பர் 22ல இருந்து தனிநபர் ஹெல்த் இன்சூரன்ஸ் பிரீமியத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. கிடையாது. சீனியர்களுக்கு பிரீமியத்தை வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல ஏத்தணும்னா கம்பெனி முதல்ல ஐ.ஆர்.டி.ஏ.ஐ.கிட்ட பேசணும்.

பெற்றோருக்கு பாலிசியே இல்லையா? பழைய வரி முறையில இருக்கிறவங்க அவங்களோட டாக்டர் ஃபீஸ், மருந்து, டெஸ்ட் செலவை வருஷத்துக்கு 50,000 வரைக்கும் 80டி கழிவுல காட்டலாம். ஒரே நிபந்தனை, பணம் யு.பி.ஐ., கார்டு, செக் இப்படிப் போயிருக்கணும். முழு உடல் பரிசோதனைக்கு மட்டும் 5,000 வரை ரொக்கமா கொடுத்தாலும் செல்லும். அதனால மெடிக்கல் ஷாப்ல பில் வாங்கச் சொல்லி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுங்க.

இந்த வாரக் கடைசில ஊருக்குப் போறவங்க ஒரு டேப் எடுத்துட்டுப் போங்க. அம்மா டாய்லெட்ல இருந்து எந்திரிக்கும்போது கை எந்த உயரத்துல சுவரைத் தேடுதுன்னு கேட்டு, அந்த இடத்துல பென்சில்ல ஒரு கோடு போடுங்க. வெல்டிங் பட்டறைக்குப் போகும்போது அந்த அளவுதான் முதல்ல கேப்பாங்க.