நானோபாய்மங்களும் தோல் கழிவுநீர் ஆவியாக்கமும்

நானோபாய்மம் என்பது நீர், எண்ணெய் போன்ற ஒரு திரவத்தில் 100 நானோமீட்டருக்கும் சிறிய திண்மத் துகள்களைப் பரப்பி உருவாக்கும் கலவை ஆகும். வெப்பத்தை விரைவாகக் கடத்தும் திரவம் தேவைப்பட்டதால் இத்துறை தோன்றியது. தமிழ்நாட்டில் சென்னை ஐஐடியும் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் இதில் தொடக்கம் முதலே பங்காற்றின. வேலூர் விஐடி பல்கலைக்கழகத்திலும் இவ்வாய்வுகள் நடைபெறுகின்றன. அந்த வேலூரைச் சுற்றிய ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய தோல் தொழில் ஊர்களில், கழிவுநீரின் கடைசிப் பங்கைக் கொதிக்கவைத்தே தீர்க்க வேண்டியுள்ளது. இந்த வெப்பச் செலவைக் குறைக்க நானோபாய்மம் எந்த அளவு உதவும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கொதிக்கவைக்க நேர்ந்த காரணம்

பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பிடப்படுகிறது. ஆலையில் தோலை ஊறவைக்கும்போது அந்த உப்பின் பெரும்பகுதி நீரில் இறங்கும். நுண்ணுயிர்கள் கரிமக் கழிவைச் சிதைக்குமே தவிர, உப்பை ஒன்றும் செய்யா. பாலாற்றுப் படுகையில் கிணறுகளும் வயல்களும் கெட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தோல் தொழில் பகுதியில் சுமார் 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதைக் குறிப்பிட்டது. மாசுபடுத்தியவரே இழப்பை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் நிலைபெற்றதும் இத்தீர்ப்பில்தான். சிக்கல் அத்துடன் தீரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் இப்பகுதி குறித்து மீண்டும் ஆணைகள் பிறப்பித்தது.

பின்னர் வந்த தீர்வு, ஒரு சொட்டும் வெளியேற்றாத முறை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் எதிர்ச் சவ்வூடுபரவல் மூலம் நீரின் பெரும்பகுதி மீட்கப்பட்டு ஆலைகளுக்குத் திரும்புகிறது. எஞ்சும் அடர் உப்புநீர் ஆவியாக்கிக்குச் செல்கிறது.

ஒரு கனமீட்டருக்கு எவ்வளவு விறகு?

30 பாகை செல்சியசில் உள்ள ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 293 கிலோஜூல் போதும். அதை ஆவியாக்க மேலும் 2,257 கிலோஜூல் வேண்டும். இந்த இரண்டாவது அளவே உள்ளுறை வெப்பம். ஆக, ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 700 கிலோவாட் மணி தேவை. சவ்வு முறைக்கோ சில கிலோவாட் மணியே போதும். ஒரு கிலோ விறகிலிருந்து 10 மெகாஜூல் பயனுள்ள வெப்பம் கிடைப்பதாகக் கொண்டால், ஒரு கனமீட்டருக்கு 255 கிலோ விறகு எரியும்.

ஆகவேதான் பல்கட்ட ஆவியாக்கிகள் பயன்படுகின்றன. முதல் கலத்தில் எழும் நீராவி, அழுத்தம் குறைந்த அடுத்த கலத்தைச் சூடாக்கும். நான்கு கட்டங்கள் இருந்தால் எரிபொருள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகும். ஆனால் குழாய்ச் சுவரில் படிவு சேர்ந்தால் இந்த ஆதாயம் கரைந்துவிடும். முடி நீக்கப் பயன்படும் சுண்ணாம்பிலிருந்து வரும் கால்சியம், சல்பேட்டுடன் சேர்ந்து கால்சியம் சல்பேட்டாகிறது. சூடு ஏறினால் இதன் கரைதிறன் குறையும். எனவே மிகச் சூடான சுவரிலேயே அது ஒட்டுகிறது. வெப்பத்தைத் தடுப்பதில் ஒரு மில்லிமீட்டர் படிவு, ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் துருப்பிடிக்கா எஃகுக்குச் சமம்.

துகள் கலந்தால் என்ன ஆகும்?

நானோபாய்மம் என்ற பெயரை 1995-இல் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் பணியாற்றிய ஸ்டீபன் சோய் வைத்தார். திண்மத் துகள்கள் கலந்தால் கடத்துதிறன் கூடும் என்பது 19-ஆம் நூற்றாண்டிலேயே மேக்ஸ்வெல் காட்டிய கணக்கு: கன அளவில் ஒரு சதவீதம் துகள் சேர்த்தால் சுமார் 3 சதவீதம் உயர்வு. தொடக்ககால ஆய்வுகள் சில இதைவிடப் பன்மடங்கு உயர்வைக் காட்டியதால் பெரும் எதிர்பார்ப்பு எழுந்தது. சரித் குமார் தாஸும் உடன் ஆய்வாளர்களும் 2003-இல், வெப்பநிலை 21-லிருந்து 51 பாகைக்கு ஏறும்போது இந்த உயர்வு இரண்டு முதல் நான்கு மடங்காகலாம் என்று காட்டினர். கல்பாக்கத்தில் ஜான் பிலிப் குழுவினர் 2007-இல் காந்தப் புலத்தால் இரும்பு ஆக்சைடு துகள்களைச் சங்கிலிபோல் வரிசைப்படுத்தி, 300 சதவீத உயர்வைப் பதிவு செய்தனர்.

இத்துறையின் மிகப் பயனுள்ள ஆய்வு இதற்குப் பிறகு வந்தது எனலாம். ஒரே மாதிரிகளை உலகெங்கும் 30-க்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு அனுப்பி அளந்தனர். தாஸ், பிலிப் இருவரும் அதில் பங்கேற்றனர். 2009-இல் வெளிவந்த முடிவு: அந்த மாதிரிகளில் வியத்தகு உயர்வு எதுவும் இல்லை, பழைய மேக்ஸ்வெல் வழிக் கோட்பாடே போதுமானது.

ஆவியாக்கியில் நானோபாய்மத்துக்கு இடம் குறைவு. உள்ளுறை வெப்பத்தை அது குறைக்காது. நீரின் கடத்துதிறன் பத்துச் சதவீதம் கூடினாலும், படிந்த சுண்ணத்தின் தடை அப்படியே இருக்கும். உப்புநீரில் நேரடியாகத் துகளைக் கலக்கவும் முடியாது. துகள்களை விலக்கி வைப்பது அவற்றின் மின்னூட்டம். அடர் உப்பு அதை மறைத்துவிடுவதால் துகள்கள் திரண்டு அடியில் படியும், உப்புடன் இன்னொரு கழிவும் சேரும்.

சூரிய வெப்பச் சேகரிப்பான்களின் மூடிய குழாய்ச் சுற்று வேறு வகை. அங்கே திரவம் உப்பைத் தொடுவதில்லை. கரித்துகள் கலந்த திரவம் ஒளியைத் தானே உறிஞ்சும். கொதிகலனுக்குச் செல்லும் நீரை முன்கூட்டியே சூடாக்க இது ஏற்றது. ஆனால் துகள் கூடினால் பாகுநிலையும் கூடி, பம்புக்கு அதிக மின்சாரம் தேவைப்படும்.

ஊறல் நீரைத் தனியே பிரித்து வெயிலில் உலர்த்தும் பாத்திகளும் இப்பகுதியில் உண்டு. நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு 5 கிலோவாட் மணி வெயில் கிடைத்து, அது முழுவதும் ஆவியாக்கத்துக்கே பயன்பட்டாலும், சுமார் 7 லிட்டர்தான் ஆவியாகும். கறுப்பு நானோப் பொருட்களை நீர்ப்பரப்பில் மிதக்கவிட்டால் இந்த உச்ச அளவை நெருங்கலாம். ஒரே கட்டத்தில் அதைத் தாண்ட இயலாது. ஒரு எக்டேர் பாத்தி நாளுக்கு 70 கனமீட்டருக்கு மேல் உலர்த்தாது. வடகிழக்குப் பருவமழை நாட்களில் அதுவும் இல்லை.