ஆட்டிசத்தின் ‘நிலை’கள்: அளக்கப்படுவது எது?

நம்மிடம் முன்னர் ஓதிச் சென்ற மாணவர் ஒருவர், தம் ஐந்து வயது மகனின் மருத்துவ அறிக்கையுடன் அண்மையில் நம்மைக் காண வந்தார். ‘ஆட்டிசம், நிலை 2’ என்று அதில் எழுதப்பட்டிருந்தது. “ஹஜ்ரத், என் அத்தாவுக்குப் புற்றுநோய் கண்டபோது முதலில் இரண்டாம் கட்டம் என்றார்கள், சில மாதங்களில் மூன்றாம் கட்டம் என்றார்கள். இவனுக்கும் அடுத்து மூன்றுதானா?” என்று கேட்டார். அறிக்கையைக் கொடுத்தவர்கள் அந்த எண்ணின் பொருளை அவருக்கு விளக்கியிருக்கவில்லை. ஒரு சொல்லின் வரைவிலக்கணம் அறியப்படாதபோது அச்சம் அதற்கொரு பொருளை வகுத்துவிடுகிறது. இந்த எண்கள் எவற்றை அளக்கின்றன, எவற்றை அளப்பதில்லை என்பதை இங்கே சுருக்கமாக நோக்குவோம்.

1943ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய லியோ கானர் என்னும் குழந்தை உளமருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி விரிவாக எழுதினார். ஆட்டிசம் தனியொரு நிலையாக மருத்துவ உலகில் அறியப்பட்டது அதன் பின்னரேயாகும். அடுத்த ஆண்டிலேயே வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர், பேச்சில் வல்லவர்களாயினும் பிறரோடு பழகுவதில் இடர்ப்பட்ட சிறுவர்களைக் குறித்து எழுதினார். இவ்விரு சித்திரங்களும் நெடுங்காலம் தனித்தனியே நின்றன. இங்கிலாந்தின் லோர்னா விங், ஜூடித் கோல்டுடன் இணைந்து இலண்டனின் கேம்பர்வெல் பகுதிக் குழந்தைகளிடையே ஆய்வு நடத்தி, 1979இல் அதன் முடிவுகளை வெளியிட்டார். 1981இல் ஆஸ்பெர்கரின் கருத்துகளை ஆங்கில உலகிற்கு அறிமுகம் செய்தவரும் அவரே. ஆட்டிசம் என்பது கூரிய எல்லைகளற்ற ஒரு நிறமாலை என்னும் இன்றைய கருத்துக்கு வித்திட்டவை அவருடைய ஆய்வுகளாகும்.

நிறமாலை எனக் கூறியபின்னும் மக்கள் மனம் அதை இரண்டாகப் பிரிக்கவே விரும்பிற்று. அவ்வாறு வழக்கில் வந்தவையே ‘உயர் செயல்திறன்’, ‘தாழ் செயல்திறன்’ என்னும் சொற்கள். இவை அதிகாரபூர்வ நோயறி கையேடுகளில் தனி வகைகளாக இடம்பெற்றவை அல்ல. பெரும்பாலும் நுண்ணறிவு ஈவு 70க்கு மேலா, கீழா என்பதை வைத்தே இவை வழங்கப்பட்டன. ஆயின், அறிவுத் தேர்வில் நன்கு விடையளிக்கும் பிள்ளையால் தானாகக் குளித்து உடுத்தவோ, கடைக்குச் சென்று பொருள் வாங்கவோ இயலாமற்போவதுண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2,200க்கும் மேற்பட்டோரின் தரவுகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு இதனை உறுதிசெய்தது. நுண்ணறிவு ஈவைக்கொண்டு அன்றாடச் செயல்திறனைக் கணிப்பது பொருந்தாது என்றும், ‘உயர் செயல்திறன்’ என்னும் வழக்கைக் கைவிடவேண்டும் என்றும் அதன் ஆசிரியர்கள் முடிவுரைத்தனர். ‘உயர்’ எனப்பட்ட பிள்ளைக்கு உதவி மறுக்கப்படுகிறது. ‘தாழ்’ எனப்பட்ட பிள்ளைக்குக் கற்பிக்கும் முயற்சியே கைவிடப்படுகிறது. இரண்டும் அநீதியே.

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, ஆஸ்பெர்கர் நோய்க்குறித் தொகுதி உள்ளிட்ட பழைய பிரிவுகளை ஒன்றிணைத்து, மூன்று நிலைகளை வகுத்தது. முதல் நிலைக்கு ‘ஆதரவு தேவை’ என்றும், இரண்டாம் நிலைக்குக் ‘கணிசமான ஆதரவு தேவை’ என்றும், மூன்றாம் நிலைக்கு ‘மிகக் கணிசமான ஆதரவு தேவை’ என்றும் பொருள். ஆதரவே தேவைப்படாத நிலை என ஒன்று இவ்வரிசையில் இல்லை. எனவே, முதல் நிலையை ‘பெயரளவிலான ஆட்டிசம்’ எனக் கொள்வது பிழையாகும்.

மேலும், சமூகத் தொடர்பாடலுக்கு ஒன்றும், மீண்டும் மீண்டும் நிகழும் நடத்தைகள், மட்டுப்பட்ட ஈடுபாடுகள் ஆகியவற்றுக்கு ஒன்றுமாக நிலை தனித்தனியே குறிக்கப்படவேண்டும் என்பது அக்கையேட்டின் நெறி. அறிவு வளர்ச்சிக் குறைபாடும் மொழிக் குறைபாடும் உண்டா, இல்லையா என்பதும் தனியாகவே பதியப்படும். நிலையானது சூழலுக்கேற்ப வேறுபடலாம், காலப்போக்கில் ஏறவும் இறங்கவும் கூடும் என்பதை அக்கையேடே ஒப்புக்கொள்கிறது. புற்றுநோயின் கட்டங்களைப் போன்று ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு முற்றிச் செல்லும் படிகள் அல்ல இவை. அமைதியான வீட்டில் சிறிதே உதவி வேண்டும் பிள்ளைக்கு, இரைச்சல் மிகுந்த திருமண மண்டபத்தில் பெருந்துணை வேண்டியிருக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2022இல் நடைமுறைக்கு வந்த பதினோராம் நோய் வகைப்பாடு இம்மூன்று எண்களைக் கையாளவில்லை. அறிவு வளர்ச்சியையும் பயன்பாட்டு மொழித்திறனையும் கொண்டே அது உட்பிரிவுகளை அமைக்கிறது. மறுபுறம், நாள் முழுதும் ஒருவர் உடனிருந்து பராமரிக்கவேண்டியவர்களின் தேவை பொதுப்பெயருக்குள் மறைந்துவிடக்கூடாது என்ற கவலையும் நியாயமானதே. ‘ஆழ்ந்த ஆட்டிசம்’ என்னும் சொல்லை 2021இல் லான்செட் ஆணையம் முன்மொழிந்தது இக்கவலையினாலாகும். இச்சொல் குறித்த கருத்து வேறுபாடு இன்னும் தீர்ந்தபாடில்லை.

நம் நாட்டுப் பெற்றோருக்கு மற்றுமொரு குழப்பமும் உண்டு. 2009இல் உருவான இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல் 40 கூறுகளைக் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். அம்மதிப்பெண்ணைக்கொண்டு மிதமானது, நடுத்தரமானது, கடுமையானது எனப் பிரித்து, ஊனத்தின் விழுக்காடும் கணக்கிடப்படுகிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் உள்ளடக்கியது. அதன் குறிப்பிட்ட சில சலுகைகளுக்கு 40 விழுக்காடு அடிப்படையாகும். மருத்துவரின் ‘நிலை 2’ ஓர் அளவுகோல். சான்றிதழின் விழுக்காடு வேறோர் அளவுகோல். ஒன்றை மற்றொன்றாக மாற்றிப் படிக்கலாகாது.

ஆகவே, அறிக்கையைப் பெறும் பெற்றோர் மூன்று வினாக்களையேனும் கேட்டறிதல் வேண்டும்: இந்த எண் எந்தத் துறைக்கு உரியது? எத்தகைய உதவி, எவ்வளவு தேவை? மறுமதிப்பீடு எப்போது?

நம் மாணவர் அவ்வாறே கேட்டு வந்தார். தொடர்பாடலில் நிலை 2, நடத்தையில் நிலை 1 என்பது தெரியவந்தது. பேச்சுப் பயிற்சியும் பரிந்துரைக்கப்பட்டது. மூன்றாம் எண்ணைப் பற்றி அவர் பிறகு நம்மிடம் கேட்கவில்லை. தாகமெடுத்தால் நீர்ச்சாடியின் படத்தைத் தொட்டுக்காட்ட மகன் கற்றுக்கொண்டான் என்பதையே சொல்லிவிட்டுப் போனார்.