ஒரே குத்துப் போதுமா?

மாலையில் தோட்டத்துத் திடலில் நம் பையன்கள் விளையாடுவதைப் பார்த்திருக்கிறோம். வாய்ச்சண்டை முற்றினால் ஒருவன் கையை முறுக்கிக் காட்டுவான். "ஒரே குத்து, அவ்வளவுதான்!" என்பான். ஒரே குத்துப் போதுமா? ஜார்ஜ் ஃபோர்மன் என்ற அமெரிக்கக் குத்துச்சண்டை வீரரின் வரலாறு இதற்கு நல்ல விடை தருகிறது.

ஹெவிவெயிட் என்னும் கனஎடைப் பிரிவில் குத்து ஒன்று சரியாக விழுந்தால் போட்டி அங்கேயே முடிந்துவிடும். அதனால் பலசாலியான வீரர் தம் பலத்தையே நம்பிவிடுவது இயல்பு. ஃபோர்மனுக்குத் திறமை இல்லாமல் இல்லை. 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக் போட்டியில் தங்கப் பதக்கம் வென்றவர் அவர். 1973 ஜனவரியில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் ஜோ ஃபிரேசியரை இரண்டே சுற்றுகளுக்குள் ஆறு முறை கீழே சாய்த்து உலகப் பட்டத்தைப் பெற்றார். அடுத்த ஆண்டு முகம்மது அலியைச் சந்திக்கப் போனபோது, அவர் ஆடியிருந்த 40 போட்டிகளில் 40-இலும் வெற்றி. கடைசி எட்டுப் போட்டிகளில் ஒன்றுகூட இரண்டாம் சுற்றைத் தாண்டியதில்லை.

இந்தப் பெருமைக்குள்ளேதான் ஆபத்து இருந்தது. ஒரு சுற்றுக்கு மூன்று நிமிடம். ஆறு நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடுகிறவருக்கு மூச்சைச் சேமிக்கும் பழக்கம் எப்படி நிலைக்கும்?

1974 அக்டோபர் 30. இடம், அப்போது ஜயர் எனப்பட்ட கொங்கோ நாட்டின் தலைநகர் கின்ஷாசா. ஃபோர்மனுக்கு வயது 25, அலிக்கு 32. அலி கயிற்றில் சாய்ந்துகொண்டார். கையுறைகளால் முகத்தை மறைத்தார். முழங்கைகளால் விலாவைக் காத்தார். ஃபோர்மன் மாறி மாறிக் குத்தினார். விழுந்த குத்துகள் பெரும்பாலும் கையிலும் தோளிலும்தான் விழுந்தன. பல குத்துகள் வீணாயின.

குறி தவறிய குத்து, விழுந்த குத்தைவிட அதிகமாகக் களைப்பைத் தரும். வீசிய கையை எதிரியின் உடல் தடுத்து நிறுத்தாதபோது, நம் தசைகளே அதை இழுத்து நிறுத்த வேண்டும். சாய்ந்த உடம்பையும் நிமிர்த்த வேண்டும். ஃபோர்மனின் கைகள் கனத்தன, கால்கள் தளர்ந்தன. எட்டாம் சுற்றின் முடிவில் அலி சட்டென்று கயிற்றைவிட்டு வந்து அடுத்தடுத்துக் குத்தினார். ஃபோர்மன் விழுந்தார், பட்டம் போயிற்று.

அந்த அலியை நம் கோலாலம்பூரும் கண்டது. 1975-இல் மெர்டேக்கா அரங்கில் ஜோ பக்னருடன் 15 சுற்றுகள் ஆடிப் புள்ளிக் கணக்கிலே வென்றார். எதிரி விழாமலும் வெல்லலாம் என்பதை நம் ஊரிலேயே காட்டிவிட்டுப் போனார்.

ஃபோர்மன் கதை அத்துடன் முடியவில்லை. 1977-இல் ஜிம்மி யங்கிடம் புள்ளிக் கணக்கில் தோற்று விலகியவர், பத்தாண்டுகள் கழித்துத் திரும்பி வந்தார். 1994 நவம்பர் 5-இல், தம் 45-ஆம் வயதில், 26 வயது மைக்கேல் மூரரைச் சந்தித்தார். புள்ளிக் கணக்கில் பின்தங்கியிருந்தார், ஆயினும் பதறவில்லை. இடக்கையால் மெல்லக் குத்திக் குத்தி வழி பார்த்துக் காத்திருந்தார். பத்தாம் சுற்றில் வலக்கையால் குறுகிய குத்து ஒன்று. மூரர் எழவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் இழந்த பட்டம் திரும்பி வந்தது. பலம் அதே பலம்தான். அதை எப்போது செலவிடுவது என்ற அறிவு புதிதாக வந்திருந்தது.

பால்மரம் சீவிய நம் பெற்றோருக்கு இது புதிய பாடமா? முரட்டுக் கை உளியை அழுத்தினால் மரத்தில் காயம்படும். அந்த இடத்தில் பட்டை முண்டு முண்டாக வளரும். பிறகு அங்கே ஒழுங்காகச் சீவ வராது. அளவறிந்து சீவுகிற கைக்குத்தான் மரம் ஆண்டுக்கணக்கில் பால் தரும்.

"உடம்பில் தெம்பிருக்கிறது சார், படிப்பு எதற்கு?" என்று வகுப்பிலே நம்மைக் கேட்கிற பையன்கள் உண்டு. அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். தெம்பு நல்ல முதல். அதைப் பழிக்கக் கூடாது. கின்ஷாசாவில் தோற்ற இளைஞரின் கதையையும், இருபது ஆண்டுகள் கழித்து வென்ற பெரியவரின் கதையையும் இன்று இரவு அவர்களுக்குச் சொல்லுங்கள். இருவரும் ஒருவரே என்பதைக் கடைசியில் சொல்லுங்கள்.