“டாக்டர் என்ன சொன்னாரு, கண்ணு?”

தாதிமைப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் மருத்துவமனை ஒன்றில் வேலைப் பயிற்சியில் இருந்தேன். அந்தப் பிரிவில் காலைப் பணிக்கு வந்தவர்களில் தமிழ் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். 78 வயதுப் பாட்டி ஒருவருக்கு எது தேவைப்பட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். (அவர் யாரென்று தெரிந்துவிடக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

ஒரு நாள் மருத்துவர் வந்து, பாட்டியின் கட்டிலருகே நின்றபடியே அவருடைய மகனிடம் ஆங்கிலத்தில் பேசினார். பெருங்குடலில் புற்றுநோய்க் கட்டி. அறுவை சிகிச்சை செய்யலாம், ஆனால் அந்த வயதில் ஆபத்தும் உண்டு. பாட்டி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருத்துவர் போனதும் மகன் என்னைத் தனியே அழைத்தார். “அம்மாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதம்மா. கேட்டா அல்சர்னு சொல்லு. தெரிஞ்சா அன்னைக்கே சாப்பாட்டை விட்டுடுவாங்க.”

“சரி அங்கிள்” என்றேன். பெரியவர்களை மறுத்துப் பேசிப் பழக்கமில்லை.

மதியம் கஞ்சி ஊட்டும்போது பாட்டி கேட்டார்: “டாக்டர் என்ன சொன்னாரு, கண்ணு? அவ்வளவு நேரம் பேசுனாரே?”

“டாக்டரையே வந்து சொல்லச் சொல்றேன் பாட்டி” என்று நழுவினேன்.

டாம் பீச்சம், ஜேம்ஸ் சில்ட்ரஸ் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் 1979ல் வெளியிட்ட நூலில் மருத்துவ நெறிக்கு நான்கு கோட்பாடுகளை முன்வைத்தார்கள். நோயாளியின் முடிவெடுக்கும் உரிமை, நன்மை செய்தல், தீங்கு செய்யாதிருத்தல், நீதி. தேர்வில் நான்கையும் வரிசையாக எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். கையில் கஞ்சிக் கிண்ணத்துடன் நின்றபோது அவை ஒன்றோடொன்று மோதின. அம்மாவுக்குத் தீங்கு நேரக்கூடாது என்றுதான் மகன் கெஞ்சினார். பாட்டி கேட்டதோ அவருடைய உரிமை.

எனக்குப் பொறுப்பாக இருந்த மூத்த தாதியிடம் போய்ச் சொன்னேன். நோயின் பெயரைச் சொல்வது மாணவியின் வேலையன்று, மருத்துவரின் வேலை என்றார் அவர். ஆனால் அல்சர் என்று பொய் சொல்லவும் உனக்கு உரிமையில்லை என்றார். சிங்கப்பூரின் 2008ஆம் ஆண்டு மனத்திறன் சட்டப்படி, முடிவெடுக்கும் ஆற்றல் ஒருவருக்கு இல்லையென்று நிறுவப்படும்வரை, அவருக்கு அது உண்டு என்றே கொள்ள வேண்டும். 78 வயது என்பதோ ஆங்கிலம் தெரியாது என்பதோ அதை மாற்றாது.

மகனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் தாத்தாவுக்கு நாங்களும் அதைத்தான் செய்தோம். வீட்டில் எல்லாருக்கும் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. மாத்திரை ஏன் கேட்கவில்லை என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

மறுநாள் மருத்துவருடன் பயிற்சி பெற்ற உரைபெயர்ப்பாளர் ஒருவர் வந்தார். நீதி என்றால் படுக்கைகளையும் பணத்தையும் பங்கிடுவது என்றே அதுவரை நினைத்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த மாது, ஆங்கிலத்தில் தானே கேள்வி கேட்டுத் தானே முடிவெடுத்தார். பாட்டிக்கு அதே வாய்ப்புக் கிடைக்க ஒருவர் தமிழில் பேச வேண்டியிருந்தது. உங்களில் பலர் வீட்டுப் பெரியவர்களுக்காக மருந்தகத்திலும் மருத்துவமனையிலும் மொழிபெயர்த்திருப்பீர்கள். எத்தனை சொற்களை வழியிலேயே விழுங்கினோம் என்பது நமக்குத்தான் தெரியும்.

மருத்துவர் நோயின் பெயரில் தொடங்கவில்லை. உங்கள் உடம்பைப் பற்றிய எல்லா விவரமும் உங்களுக்கே தெரிய வேண்டுமா, மகனிடம் சொன்னால் போதுமா என்று கேட்டார். மகன் தலையைக் குனிந்துகொண்டார்.

பாட்டி யோசித்தார். “பேரெல்லாம் அவன்கிட்டயே சொல்லுங்க. ஆனா கத்தி வெக்கிறதா இருந்தா என்னைக் கேட்டுத்தான் வெக்கணும். வெச்சா என்னாகும், வெக்காட்டி என்னாகும், அதை என்கிட்ட சொல்லுங்க.”

அறியாமலிருக்க விரும்புவதும் நோயாளியின் உரிமை என்பதை வகுப்பில் ஒரே வரியில் கடந்திருந்தோம். மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வலி, ஆபத்து, வயிற்றில் பை பொருத்த நேரலாம் என்பது வரை பொறுமையாக விளக்கினார். பாட்டியிடமிருந்து ஒரே கேள்வி: “பை வெச்சா கோயிலுக்குப் போலாமா?”

போகலாம் என்றார் மருத்துவர். பாட்டி இரண்டு நாள் அவகாசம் கேட்டார்.

அந்தப் பிரிவில் எனக்கு அது கடைசி நாள். விடைபெறப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார்.

“அன்னைக்குக் கேட்டேன், மழுப்பிட்டே.”

“ஆமா பாட்டி.”

“அதுலதான் தெரிஞ்சுக்கிட்டேன்” என்று சிரித்தார்.