உங்களுக்குத் தெரியுமா? பக்கத்தில் ஆள் இருந்தால் கை இன்னும் தாங்கும்!

1920-களில் பெர்லினில் ஓட்டோ கோலர் என்ற உளவியலாளர், படகுப்போட்டிக் கழக வீரர்களை நிற்கவைத்து, பாரமான தண்டைக் கை மடக்கித் தூக்கச் சொன்னார். முதலில் தனியாக, இனி முடியாது என்கிறவரை. பிறகு இருவராக, இரு மடங்கு பாரத்துடன். ஒருவர் கைவிட்டால் மற்றவரால் தாங்க முடியாது. அதோடு ஆட்டம் முடிந்தது. இப்படிக் கட்டிப்போட்டதும், வலுக் குறைந்தவர் தனியாகச் செய்ததைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார்! இருவர் வலிமையிலும் ஓரளவு வித்தியாசம் இருந்தபோதுதான் இந்த லாபம் கூடுதல். சரிசமமான ஜோடியிடமும், மலைக்கும் மடுவுக்குமான ஜோடியிடமும் அவ்வளவு இல்லை.

கூட்டம் சேர்ந்தாலே உழைப்பு கூடும் என்றும் எண்ணிவிட வேண்டாம். பிரான்ஸின் ரிங்கெல்மன் என்ற ஆய்வாளர் 1913-இல் வெளியிட்ட ஆய்வில், கயிறு இழுப்போர் பெருகப் பெருக ஆளுக்கான இழுவிசை குறைந்தது. (தேர்வடத்தைச் சும்மா தொட்டபடி நடப்பவர்களை நாம் பார்த்ததில்லையா?) தன் பங்கு தனியாகத் தெரியாதபோது கை தானாகத் தளர்கிறது.

கிராஸ்ஃபிட் போன்ற குழுப் பயிற்சிகளில், ஒருவர் பிளாங்க் நிலையில் தாங்கும்வரைதான் இணையாளின் ஸ்குவாட் கணக்கில் சேரும் என்று விதி வைப்பதுண்டு. கோலரின் தண்டு வேறு உருவில் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் கவனம். பழகாத உடம்பை ரோஷத்தில் மிதமிஞ்சி வருத்தினால் தசை இழைகள் சிதைந்து, அவற்றிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். பெயர் ராப்டோமயோலிசிஸ். கடும் தசைவலியோடு சிறுநீர் அடர் பழுப்பாகப் போனால், அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.