எந்த நாள் ரத்தம், எந்தச் சோதனை?

செஞ்சிக்கு வடக்கே சில கிலோமீட்டர் போனால் சிங்கவரம். குன்றைக் குடைந்த குகையில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். கீழே நெல் வயல்கள். நடவு முடிந்து தண்ணீர் நிற்கும் நாட்களில் கொக்கும் மடையானும் அங்கே இரை தேடி இறங்கும். பொன்னி அரிசிக்குப் பேர்போன செஞ்சி வட்டாரத்துக்கு இந்தத் தண்ணீர்தான் சோறு போடுகிறது. இதே தண்ணீரில் கியூலெக்ஸ் கொசுவும் முட்டையிடுகிறது. நீர்ப்பறவைகளிடமும் பன்றிகளிடமும் பெருகும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸைப் பொழுது சாய்ந்தபின் மனிதருக்குக் கொண்டுவருவது இந்தக் கொசு. வீட்டைச் சுற்றி இருப்பது வேறு கொசு. மூடாத சிமென்ட் தொட்டி, கொல்லையில் கிடக்கும் கொட்டாங்குச்சி, பழைய டயர் இவற்றில் வளரும் ஏடிஸ், பகலில் கடித்து டெங்குவைத் தருகிறது. வயலுக்கும் வீட்டுக்கும் நடப்பவர் இரண்டிடமும் கடிபடுகிறார்.

தமிழகத்தின் வட மாவட்டங்களுக்கு மூளைக்காய்ச்சல் பழைய கவலை. 1955-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில்தான் இந்நோய் இந்தியாவில் முதன்முதலாக மனிதரிடம் அடையாளம் காணப்பட்டது. பிற்பாடு, செஞ்சியும் அடங்கியிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இதைத் தொடர்ந்து ஆராய, மதுரையில் இருந்த மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம் விருத்தாசலத்தில் கள நிலையமே வைத்திருந்தது.

டெங்கு, ஜப்பானிய மூளைக்காய்ச்சல், ஜிகா, வெஸ்ட் நைல் ஆகிய நான்கும் ஃபிளேவி வைரஸ் என்ற ஒரே குடும்பம். நம் வழக்கில் சொன்னால் பங்காளிகள். மேலுறைப் புரதத்தில் சில பகுதிகள் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே அச்சு. ஒரு பங்காளியை எதிர்க்க உடல் செய்துவைத்த எதிர்ப்புப் புரதம் இன்னொரு பங்காளியின் மீதும் ஒட்டிக்கொள்ளும். சோதனைத் தட்டில் தெரிவது அந்த ஒட்டுதல்தான். சிக்குன்குன்யாவையும் ஏடிஸ் கொசுவே பரப்பினாலும் அது வேறு குடும்பம் என்பதால் இந்தக் குழப்பம் அங்கே மிகக் குறைவு.

ஆய்வுக்கூடங்களுக்கே இது சிக்கல்தான். புனேயில் 1952-இல் தொடங்கிய வைரஸ் ஆராய்ச்சி மையம் அந்தக் காலத்தில் நடத்திய ரத்தப் பரிசோதனையில், குஜராத்தின் பரூச் பகுதி மக்கள் சிலரிடம் ஜிகாவுக்கு எதிரான புரதம் இருப்பதாகத் தெரிந்தது. ஜிகா அப்போதே வந்துவிட்டதா, பங்காளி வைரஸ் ஏதேனும் விட்டுச்சென்ற தடமா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. இந்தியாவில் ஜிகா நோயாளிகள் சோதனையில் உறுதியானதாக வெளியுலகம் அறிந்தது 2017 மே மாதத்தில், அகமதாபாத்திலிருந்து. அவ்வாண்டு ஜூலையில் தமிழகத்திலும், கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஒருவருக்கு உறுதியானது.

இனி, நம் கையில் வரும் சோதனைச் சீட்டுக்கு வருவோம். காய்ச்சலின் முதல் ஐந்து நாட்களில் ரத்தத்தில் வைரஸே இருக்கும். என்.எஸ்.1, பி.சி.ஆர். சோதனைகள் அதை நேரடியாகத் தேடுகின்றன. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்புப் புரதம் தலைகாட்டும். ஒருமுறை வந்தால் இரண்டு மூன்று மாதம்கூட ரத்தத்தில் தங்கும். ஆகவே ஐப்பசியில் வந்த காய்ச்சலுக்கு எடுத்த ஐ.ஜி.எம். 'பாசிட்டிவ்', ஆவணியில் வந்துபோன தொற்றைக் காட்டுவதாகவும் இருக்கலாம். ஐ.ஜி.ஜி. என்ற இன்னொரு எதிர்ப்புப் புரதம் பல ஆண்டு நிலைக்கும்; மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்ட பிள்ளைக்கும் டெங்கு ஐ.ஜி.ஜி. 'பாசிட்டிவ்' காட்ட வாய்ப்புண்டு. மறுபக்கம், இரண்டாம் முறை டெங்கு வந்தவருக்கு ஐ.ஜி.எம். மங்கலாகவே எழும்பலாம், என்.எஸ்.1 தவறிப்போகலாம். 'நெகட்டிவ்' என்று வந்ததும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடக் கூடாது.

பதினைந்து நிமிடத்தில் கோடு காட்டும் கார்டு டெஸ்ட்டை இந்திய அரசின் டெங்கு வழிகாட்டுதல் 'இருக்கலாம்' என்ற அளவில்தான் ஏற்கிறது. உறுதி செய்ய எலிசா முறையிலான என்.எஸ்.1 அல்லது ஐ.ஜி.எம். வேண்டும். டெங்கு கண்காணிப்புக்கென நியமிக்கப்பட்ட அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். மூளைக்காய்ச்சல் என்று சந்தேகம் வந்தால் முதுகுத்தண்டு நீரில் ஐ.ஜி.எம். பார்ப்பதே சிறந்தது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழைய தொற்றும் தடுப்பூசியும் செய்யும் குழப்பம் அதில் குறைவு. முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காது என்ற பயத்தில் மறுக்கும் பெற்றோர் உண்டு. நீர் எடுக்கும் இடம் தண்டுவடம் முடிந்த பிறகு, இடுப்புக்கு அருகே என்பதை மருத்துவர்கள் பொறுமையாக விளக்க வேண்டும்.

தவறான 'டெங்கு பாசிட்டிவ்' கொண்டுவரும் பெரிய ஆபத்து இன்னொன்று. வட தமிழகத்தில் மழைக்குப் பிந்தைய மாதங்களில் உண்ணிக் காய்ச்சலும் பரவலாக உண்டு. டெங்குவைப் போலவே அதிலும் பிளேட்லெட் குறையும். டெங்குவுக்கு வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை. உண்ணிக் காய்ச்சலுக்கோ டாக்சிசைக்ளின் என்ற மலிவான மருந்து இருக்கிறது. சீட்டில் டெங்கு என்று எழுதியதும் தேடலை நிறுத்திவிட்டால், குணமாகக்கூடிய நோயாளி கைநழுவிப் போவார். அக்குளிலோ தொடை இடுக்கிலோ கருகிய புண் போல ஏதேனும் இருந்தால் கூச்சப்படாமல் காட்டுங்கள்.

பிலிப்பைன்ஸ் தந்த பாடம் கசப்பானது. 2016-இல் தொடங்கி எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கு அங்கே டெங்கு தடுப்பூசி போட்டார்கள். முன்பு டெங்குவே வராத பிள்ளைக்கு அந்த ஊசி, பின்னால் வரும் தொற்றைக் கடுமையாக்கக்கூடும் என்று தயாரித்த நிறுவனமே 2017 நவம்பரில் அறிவித்தது, திட்டம் நின்றது. முன்பு டெங்கு வந்ததா என்று ரத்தத்தில் பார்த்தபிறகே அந்த ஊசி என்பது பிறகு நடைமுறையானது. பங்காளி வைரஸ்கள் நடமாடும் ஊரில் அந்தக் கேள்விக்குச் சரியான விடை சொல்ல நம்பகமான சோதனை வேண்டும்.

நோயாளியின் உரிமை சட்டத்தில் இருக்கிறது. சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதி. எந்தச் சோதனை, எந்த முறை, எந்தத் தேதி ரத்தம் என்று கேட்கலாம். வேறு மருத்துவரிடம் கருத்துப் பெறலாம். ரத்தக் கசிவு இல்லாமல், பிளேட்லெட் பத்தாயிரத்துக்கு மேல் இருக்கும்போது அதை ஏற்றச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். கட்டணம் வாங்கிய மருத்துவமனையின் கவனக்குறைவால் கேடு வந்தால், இரண்டு ஆண்டுக்குள் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். செலுத்திய கட்டணம் ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. அரசு மருத்துவமனை மீது குறை என்றால் சுகாதார உதவி எண் 104, முதல்வர் உதவி மையம் 1100 ஆகிய எண்களும், மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகமும் இருக்கின்றன.

சோதனை முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. காய்ச்சல் விட்டதும் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து சுருண்டு கிடப்பது, பிள்ளைக்கு வலிப்பு, பேச்சுக் குழறல் இவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே பெரிய மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். வண்டிக்கு 108. மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக், புரூஃபன், ஆஸ்பிரின் வாங்கிப் போட வேண்டாம். ரத்தக் கசிவை அவை கூட்டும். பாராசிட்டமால் போதும்.

பிள்ளைக்கு ஒன்பதாம் மாதத்திலும் ஒன்றரை வயதை ஒட்டியும் போட வேண்டிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி இரண்டு தவணையும் விழுந்ததா என்று இன்றே அட்டையை எடுத்துப் பாருங்கள். காய்ச்சல் தொடங்கிய தேதியையும் சீட்டின் மூலையில் குறித்துவையுங்கள். மருத்துவர் எந்தச் சோதனை எழுத வேண்டும் என்பதை முடிவு செய்வது அந்தத் தேதிதான்.