மேலும் கீழும் அற்ற இல்லம்

இலக்கண வகுப்பில் திசைப்பெயர்களை விளக்கும்போதெல்லாம், மேற்புறம் உயர்ந்து கீழ்ப்புறம் தாழ்ந்த நிலத்தில் வாழ்ந்தமையாலேயே நம் முன்னோர் மேற்கு, கிழக்கு என்றனர் என்று கூறுவது என் வழக்கம். அண்மையில் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, மேலும் கீழும் இல்லாத இடத்தில் வாழ்பவர் என் செய்வர்?" என வினவினான். விண்கலத்தையே அவன் கருதினான். விடை தேடப் புகுந்த எனக்கு உருசிய அம்மையார் ஒருவரின் வரலாறு கிட்டியது.

கலீனா பலஷோவா 1931இல் கொலொம்னா நகரிற் பிறந்தவர். மொஸ்கோவிற் கட்டடக் கலை பயின்றவர். 1957இல் செர்கெய் கொரலியோவின் விண்கல நிறுவனத்திற் சேர்ந்தார். ஆயினும், ஆங்கு அவருக்கு வாய்த்த பணி ஊழியர்க்கு வீடமைப்பதே. 1963இல் பொறியியலாளர் பியோக்திஸ்தோவ் அவரை நாடினார். சோயுஸ் கலத்தின் வாழிட அறைக்கு உள்ளமைப்பு வேண்டியிருந்தது. அவ்வறை உருண்டை வடிவினது. குறுக்களவு ஏறத்தாழ 2.2 மீற்றர். நம்மூர்ச் சமையற்கட்டும் அதனினும் பெரிது! விடுமுறை நாட்களில் வீட்டிலிருந்தே அம்மையார் படம் வரைந்தார். அதில் ஒரு சாய்மஞ்சமும் ஒரு பேழையும் இடம்பெற்றன. கொரலியோவ் திருத்தங் கூறிப் பின் இசைந்தார்.

எடையற்ற நிலையில் மஞ்சம் எதற்கு என நகைப்பார் உளர். யானும் முதலில் நகைத்தேன். அந்நிலையில் உட்செவியின் சமநிலைப் புலன் மேல்கீழ் உணர்த்தாது மயங்கும், கண்ணொன்றே துணை. ஆதலின் அம்மையார் கண்ணுக்கு ஒரு நிலத்தைப் படைத்தார்: தரைக்குக் கடும் நிறம், சுவருக்கு இளநிறம், கூரைக்கு அதனினும் வெளிறிய நிறம். 1986இல் ஏவப்பெற்ற மீர் நிலையத்தில் தரை கரும்பச்சை, சுவர் இளம்பச்சை, கூரை வெண்மை. மிதப்பவனும் புல்தரையின் மேலே மிதப்பதாக எண்ணலாம். இந்நிலையம் 2001வரை வானிற் சுழன்றது.

சல்யுத் நிலையங்களிலும் அவர் கைவண்ணம் உண்டு. 1975இல் அமெரிக்கக் கலமும் உருசியக் கலமும் விண்ணில் இணைந்தபோது உலகெங்கும் பரவிய சின்னத்தை வரைந்தவரும் அவரே. ஆனால், அனைத்தும் இரகசியம். விண்வெளி வீரர்க்குச் சிலைகள் எழுந்தன; அவர்தம் இல்லத்தை வகுத்தவர் பெயரோ சோவியத் அரசு வீழும்வரை வெளிவரவில்லை. இஃது எனக்கு முறையெனத் தோன்றவில்லை. மறைக்க வேண்டியது எந்திரத்தின் நுட்பமாகலாம். தரையின் பச்சை நிறத்தில் மறைபொருள் யாதுளது?

மாணவனிடம் இவற்றைக் கூறியபோது ஒன்றை இறுதிக்கு வைத்திருந்தேன். சோயுஸ் அறைச் சுவர்களிலே தொங்கவிட அம்மையார் தம் கையாலேயே சிறு நீர்வண்ண ஓவியங்கள் தீட்டினார், யாவும் நிலக்காட்சிகள். வீரர் திரும்புங்கால் அவ்வாழிட அறை கழற்றி விடப்பெறும்; வளிமண்டலத்தில் எரிந்துபோம்.

"ஓவியங்களுமா, ஐயா?" என்றான்.

"ஓவியங்களுந்தான். அடுத்த கலத்துக்கு மீண்டும் தீட்டினார்" என்றேன்.